எழும்பி நிற்கும் வரை கைதட்ட வேண்டாம்

இந்த நாட்டில் இருமுவதற்கும் ஒரு நேரம் உண்டு. ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை, சங்கீத மண்டபத்தைச் சொல்கிறேன். ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போது எவரும் இருமமாட்டார்கள். தொண்டை கரகரத்தாலும் முகம் சிவக்கச் சிவக்க அடக்கிக்கொண்டு இருப்பார்கள். ஒரு பாகம் முடிந்து, வாசிப்பவர் கையை எடுத்து மடியில் வைத்ததும் முன் வரிசை, பின் வரிசை என்ற வித்தியாசம் இல்லாமல் மண்டபம் முழுவதும் சேர்ந்து இருமும். மூக்குச் சிந்த வேண்டியவர்கள் சிந்துவார்கள். வாசிப்பவர் மறுபடி கையைத் தூக்கியதும் தண்ணீர்க் குழாயைப் பூட்டியதுபோல எல்லாம் நின்றுவிடும். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் மனைவி சுகந்தி தொடையில் கிள்ளினாள். சிரிப்பதற்கு அங்கே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாங்கள் கேட்டு வளர்ந்தது கோயில் திருவிழாவில் தவில், நாதஸ்வரம். வித்துவான் ஒரு நல்ல பிடி பிடித்தால் அந்த இடத்திலேயே நாலு பேர் சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். கச்சான் கடலை உடைக்கிறவர் உடைத்துக்கொண்டே தலையாட்டுவார். முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு நல்லாயிருந்தது என்று சொல்வது, சாப்பிட்டுக் கை கழுவி வீட்டுக்குப் போனபிறகு தொலைபேசியில் கூப்பிட்டுக் கறி ருசி என்று சொல்வது மாதிரி. ஆனால் இங்கே அப்படித்தான். இந்த இருமல் சட்டத்தைப் படிக்க எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. படித்த விதம் நல்ல விதம் அல்ல.

நான் நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வசிக்கிறேன். பஸ் ஓட்டுகிறேன். என் மகள் மாதங்கி ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பியானோ படிக்கிறாள். இந்த மூன்றாவது வசனத்தைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய ஆசிரியை ஹாலினா, உக்ரைனில் கார்கிவ் நகரத்திலிருந்து போர் தொடங்கிய பிறகு இங்கே வந்தவர். போன ஐப்பசியில் பதினைந்து பேர் மட்டும் வந்திருந்த ஒரு சின்ன நிகழ்ச்சியில், மாதங்கி ஓர் உக்ரைன் இசையமைப்பாளருடைய ஆக்கத்தை வாசித்தாள். அதன் நடுவில் ஒரு நீண்ட மௌனம் இருக்கிறது. இசையமைத்தவரே எழுதிவைத்த மௌனம். வாசிப்பவர் இரண்டு கையையும் கட்டைகளுக்கு மேலே தூக்கி வைத்தபடி காத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பிள்ளை அருமையாக வாசித்துவிட்டு நிறுத்தியிருக்கிறாள் என்பதுதான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினேன். மண்டபத்தில் ஒரே ஒரு ஆள் தட்டுகிற சத்தம். மற்ற எவரும் இருமக்கூட இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மாதங்கி திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டைகளைப் பார்த்தாள். எந்த இடத்தில் நின்றோம் என்று தேடுகிறாள் என்பது அவளுடைய தோளைப் பார்க்கவே தெரிந்தது. கை கீழே இறங்கி மடியில் கிடந்தது. பிறகு எழும்பிக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வரும்போது காரில் ஸ்ட்ரோம்மன் தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்ட்ரோம்மன் எங்கள் வீட்டையும் தாண்டி இருக்கிற ஊர். திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை, பஸ் ஓட்டுகிறவன் வழி தவறிவிட்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள், “அப்பா, அது உங்களாலை இல்லை.” எங்கள் வீட்டில் ஒருவர் தானாக வந்து உன்னால் இல்லை என்று சொன்னால், உன்னால்தான் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஆட்களுக்கு முன்னால் வாசிக்கும்போதெல்லாம் நின்று போனாள். இரண்டு பேர் இருந்தாலும் நின்றாள். தனியே இருந்தால் வாசிப்பாள். கதவைத் திறந்தால் நிற்பாள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பரீட்சைக் கச்சேரியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “ஏப்ரலிலை எக்சாமென் கொன்சேர்ட் இருக்குது. அதிலையும் நிண்டன் எண்டா நான் இனி மேடைக்கு ஏறமாட்டன்” என்றாள். அழவில்லை. பஸ் இன்று ஓடாது என்று அறிவிக்கிற குரல் மாதிரி இருந்தது. ஒரு கைதட்டலால் ஒரு பிள்ளையின் இருபது வருடத்தைக் கெடுக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இருபது வருடம் என்பது சும்மா சொன்ன கணக்கல்ல. அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒஸ்லோவில் ஹொல்ம்லியா என்ற பகுதியில் ஒரு நோர்வேஜியக் குடும்பம் வீடு மாறியது. பியானோ இருக்கிறது, இலவசம், வந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். சுகந்திக்கு வீணைதான் ஆசை. வீணை விலை, பியானோ சும்மா. சும்மா கிடைக்கிற சாமானுக்கு ஏன் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறார்கள் என்பது மூன்றாம் மாடியில் ஏறிப் பார்த்தபோதுதான் விளங்கியது. லிஃப்ட்டுக்குள் அது போகாது. என்னோடு பஸ் ஓட்டிய நாலு பேர் வந்தார்கள். தலைமை பேரின்பம் அண்ணை. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி சுமந்தவர், ஒஸ்லோவுக்கும் என்னைக் கூட்டிவந்தவர். ஒவ்வொரு படிக்கும் “ஏலேலோ” சொல்லித்தான் இறக்கினோம். இரண்டாம் மாடிக் கதவைத் திறந்து பார்த்த ஒரு பெண், செத்தவீடு என்று நினைத்துத் தலையைக் குனிந்து அனுதாபம் சொன்னாள். அண்ணையும் மரியாதையாக நன்றி சொன்னார். அன்றிலிருந்து அந்த நாலு பேருக்கும் மாதங்கியின் பியானோவில் பங்கு இருக்கிறது. அவள் எங்கே வாசித்தாலும், “நாங்கள் தூக்கின பியானோ” என்பார்கள்.

ஏப்ரல் நிகழ்ச்சியில் முதல் பாதி உக்ரைன் இசையமைப்பாளர்கள், இரண்டாம் பாதி அமெரிக்க இசையமைப்பாளர்கள். வேலையில் தேநீர் குடிக்கும்போது ஒரு நோர்வேஜியன், ஏன் இந்த இரண்டு நாடுகள், அரசியலா என்று கேட்டான். உக்ரைன் ஆசிரியையால் வந்தது, அமெரிக்கா பிள்ளைக்குப் பதினைந்து வயதிலிருந்தே பிடிக்கும் என்றேன். அவன் கண்ணைச் சிமிட்டி, “உன் மகள் கெட்டிக்காரி, இரண்டு பக்கத்தையும் பகைக்கவில்லை” என்றான். எனக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை வரவில்லை. ஹாலினா மாணவர்களிடம், காலி மண்டபத்துக்கு முன்னால் பரீட்சைக்கு வாசிக்கக் கூடாது, ஆளுக்குப் பத்துப் பேரையாவது கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார். மாதங்கி இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம், “பத்துப் பேர் அப்பா. பத்துத்தான். ஆறு மணிக்கு” என்றாள்.

இந்த இடத்தில் ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடைய நிகழ்ச்சி அழைப்பிதழில் நாலு மணி என்று போட்டிருந்தால், ஐந்தரைக்கு மங்கள விளக்கு. இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை எல்லாம் முடிந்து பிள்ளைகள் மேடைக்கு வர ஆறரை. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் ஐந்தரைக்குத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார்கள். அவர்கள் அப்படி வெளிக்கிடுவார்கள் என்று தெரிந்து, நடத்துகிறவர் இன்னும் ஒரு மணித்தியாலத்தை முன்னுக்குத் தள்ளிப் போடுவார். முப்பது வருடமாக இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றி, ஒருவரும் ஏமாறாமல் வாழ்கிறோம். ஆகவே நானும் அந்த அனுபவத்தைக் கொண்டே கணக்குப் போட்டேன். பத்துப் பேர் வர வேண்டும் என்றால் நாற்பது பேருக்குச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு வர வேண்டும் என்றால் ஐந்து மணி என்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் பட்ட அடியையும் நினைத்து, எங்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: மாதங்கியின் பியானோ நிகழ்ச்சி, சனிக்கிழமை மாலை ஐந்து மணி, யூனிவேர்சிற்றி மண்டபம். உள்ளே கதைக்க வேண்டாம். தொலைபேசியை நிறுத்தி வைக்கவும். பியானோ வாசிப்பவர் எழும்பி நிற்கும் வரை கைதட்ட வேண்டாம். எவ்வளவு அருமையாக இருந்தாலும் வேண்டாம்.

சனிக்கிழமை எனக்குக் காலை வேலை. முடித்து, குளித்து, புதுக் காற்சட்டை போட்டு, சுகந்தியோடு ஐந்து இருபதுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பனி கரைந்து, குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக்கல் வீதியெல்லாம் சேறாகக் கிடந்த நாள். ஐந்தே முக்காலுக்கு முதல் ஒருவரும் வரமாட்டார்கள், வாசலில் நின்று வரவேற்கலாம் என்பது என் எண்ணம். மண்டபக் கதவுக்கு வெளியே சப்பாத்துகள். ஒன்றிரண்டல்ல. ஆண்கள், பெண்கள், சின்னவர்கள் என்று சுவரோரமாக நாலு வரிசை, சேறும் சரளையும் ஒட்டியபடி. கோயிலில்கூட எங்களுடைய சனம் இவ்வளவு ஒழுங்காகக் கழற்றி நான் கண்டதில்லை.

சப்பாத்துகளைப் பார்த்தபடி மண்டபப் பொறுப்பாளர் தெர்யே நின்றார். நல்ல மனிதர், தாடிக்காரர். என்னைக் கண்டதும், “இது சமய நிகழ்ச்சியா?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்லை, பரீட்சை” என்றேன்.

அவர் சப்பாத்துகளை இன்னொரு தடவை பார்த்தார். “எல்லோருக்குமா?” என்றார். நான் இருந்த பதற்றத்தில் ஆம் என்று சொல்லிவிட்டேன். “வாழ்த்துகள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

உள்ளே பியானோ கேட்டது. கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். மேடையில் மட்டும் வெளிச்சம். மாதங்கி சாதாரண நீலச் சட்டையோடு, தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கீழே இருட்டில், கதிரைகளில் நாற்பது தலைகள். நான் சொன்ன நாற்பது பேரும் வந்திருந்தார்கள். சரியாக ஐந்து மணிக்கு வந்திருந்தார்கள். நடக்கிறது பயிற்சி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெர்யே கதவைத் திறந்துவிட, மேடையைக் கண்டதும் யாரோ ஒருவர் சப்பாத்தைக் கழற்ற, எல்லோரும் கழற்றி, காலுறையோடு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய் இருந்துவிட்டார்கள். சரளை ஒட்டிய சப்பாத்தோடு போயிருந்தால் மரத்தளத்தில் ஊருக்கே கேட்டிருக்கும்.

இரண்டு பேர் இருந்தாலே நின்று போகிறவள் திரும்பி நாற்பது பேரைக் கண்டால் என்ன ஆகும்? பரீட்சைக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது எல்லாம் முடிந்துவிடும், அதுவும் மறுபடி என்னாலேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி வெளியே அழைக்கலாமா என்று பின் வரிசைவரை குனிந்தபடி போனேன். அப்போது முன் வரிசையில் இருந்த ஹாலினா திரும்பினார். அவர் எல்லோரையும் முதலே கண்டிருக்கிறார். உதட்டில் விரலை வைத்து, கையால் கீழே அமர்த்திக் காட்டினார். நான் இருந்தேன். சுகந்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அன்புக்கு அல்ல, நான் தட்டிவிடுவேன் என்ற பயத்துக்கு.

மாதங்கி அமெரிக்க ஆக்கம் ஒன்றில் ஒரு கடினமான இடத்தைப் பழகிக்கொண்டிருந்தாள். வேகமாக மேலே ஏறி, ஏறின இடத்திலேயே சறுக்கி இறங்குகிற இடம். வாசித்தாள், நிறுத்தினாள், திரும்ப வாசித்தாள். ஆறு தடவை. எனக்கு முன்னால் பேரின்பம் அண்ணை ஆறு தடவையும் அதே ரசிப்போடு தலையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் கார்த்திக் இருந்தான். தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவன், தினமும் என் பஸ்ஸில் ஏறுகிறவன். அவன் அண்ணையின் காதுக்குள், “இவங்க ரிப்பீட் பண்றதுதான் சார் அமெரிக்கன் ஸ்டைல்” என்று சொன்னது எனக்கே கேட்டது. பிறகு அவள் அந்த ஆக்கத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு தடவை நிற்காமல் வாசித்தாள். அந்த உக்ரைன் மௌனத்தையும் வாசித்தாள். மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. என்னுடைய செய்தியை இவ்வளவு பயபக்தியோடு ஒருவர் பின்பற்றுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசிச் சுரம் அடங்கியது. மாதங்கி தண்ணீர்ப் போத்தலை எடுக்க எழும்பினாள்.

எழும்பி நிற்கும் வரை என்றுதானே எழுதியிருந்தேன். நின்றுவிட்டாள். நாற்பது பேரும் ஒரேயடியாகக் கைதட்டினார்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்த தட்டு. பேரின்பம் அண்ணை எழும்பி நின்று தட்டினார், பின்னால் எல்லோரும் எழும்பினார்கள். மாதங்கி போத்தலைப் பிடித்தபடி இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அப்பா!” என்று ஒரு கூப்பிடு கூப்பிட்டாள். கோபமா என்று நான் எழும்பும்போது அவள் மேடையில் குந்தி இருந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹாலினாவும் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு என் பிள்ளை அப்படிச் சிரித்து நான் காணவில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

சனம் வெளியே வந்து, நிகழ்ச்சி முடிந்த திருப்தியோடு, வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறந்தது. சப்பாத்துகளைத் தேடத் தொடங்கினார்கள். நான் ஒரு கதிரையில் ஏறி நின்று, இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று அறிவித்தேன்.

“அப்ப இவ்வளவு நேரமும் நடந்தது?” என்று கார்த்திக் கேட்டான்.

“பயிற்சி.”

“அய்யோ, நான் சாருக்கு ஸ்டைல்னு விளக்கமெல்லாம் குடுத்தேனே!”

பேரின்பம் அண்ணை றோல்ஸை மென்றபடி, “எனக்கு விளங்கினது தம்பி. நல்ல விளக்கம்” என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்.

நான் அண்ணையைத் தனியே இழுத்தேன். “என்னண்ணை, வாழ்க்கையிலை ஒருக்காலும் நேரத்துக்கு வராத ஆக்கள், இண்டைக்கு மட்டும் என்ன?”

“யூனிவேர்சிற்றி எண்டு போட்டிருந்தாய். இவங்கள் நேரத்துக்குத் தொடங்கிப்போடுவாங்கள் எண்டு நாலரைக்கே வெளிக்கிட்டனாங்கள்.”

“சரி, நாற்பது பேருமோ?”

அவர் கையில் ஒட்டிய தூளைத் தட்டினார். “பிள்ளை போனமுறை நிண்டு போனவள் எண்டு கேள்விப்பட்டனாங்கள். நீ சொல்லேல்லை எண்டா எங்களுக்குத் தெரியாதோ? அதுதான் ஒருத்தரும் நிக்காமல் வந்தது.”

நான் இந்தச் சனத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். நேரத்துக்கு வராது, வந்தால் வாய் மூடாது, அடுத்த வீட்டு விஷயத்தை மோப்பம் பிடிக்கும் என்று. மோப்பம் பிடித்துத்தான் வந்திருக்கிறார்கள். இன்னொரு றோல்ஸை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாதங்கி உடை மாற்றுகிற அறைக்குப் போனேன். கறுப்புச் சட்டை போட்டுவிட்டாள். ஹாலினா யன்னலோரம் நின்றார். நான் என்னுடைய நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன்னுடைய நோர்வேஜிய மொழியில், தேவையில்லை என்றார். இருவருக்கும் இரவல் மொழி, ஆனால் விளங்கியது. கார்கிவில் அந்த உக்ரைன் ஆக்கத்தைக் கடைசியாக வாசித்தபோது, அந்த மௌனம் வருகிற இடத்தில் மண்டபம் முழுவதும் வெளியே என்ன சத்தம் என்று காது கொடுத்துக் கேட்டது என்றார். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் அது ஹெலிகொப்ரர் என்றேன். அவர் தலையசைத்தார். அவர் பரீட்சகர்களை வரவேற்கப் போனதும் நான் மாதங்கியிடம் கேட்டேன், “சனம் இருந்தது உனக்குத் தெரியாதுதானே?”

“தெரியும். றோல்ஸ் மணத்தது. யூனிவேர்சிற்றிக்கு ஆரப்பா றோல்ஸ் கொண்டு வருவினம்?”

“பயமில்லையோ?”

“முதல்லை கை விறைச்சுப் போச்சுது. பிறகு வேணுமெண்டே ஒரு பிழை விட்டுப் பாத்தனான். ஒருத்தரும் அசையேல்லை. இன்னொண்டு விட்டன். பேரின்பம் மாமா தலையாட்டினவர்.” அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். “இவைக்கு முன்னாலை பிழை விடலாம் அப்பா. இனி வாறவைக்கு முன்னாலை விடேலாது. மார்க் போடுற சென்சூர் ரெண்டு பேரும் எழுதிக்கொண்டு இருப்பினம்.”

“ரெண்டு பகுதியும் ஒண்டா இருந்தா?”

“அதைத்தான் பாக்கப்போறன்” என்றாள்.

ஆறு மணிக்கு நோர்வேஜியர்களும் வேறு மாணவர்களும் முப்பது பேர் வந்தார்கள். எங்களுடைய சனம் முதலே இருந்த இடது பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அவர்கள் வலது பக்கத்தில் ஆளுக்கு ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தார்கள். பரீட்சகர் இருவரும் நடுவில், சின்ன விளக்கும் தாளுமாக. மண்டபம் நிறைந்திருப்பதைக் கண்டு அதில் ஒருவர் தெர்யேயிடம் ஏதோ கேட்டார். தெர்யே எங்கள் பக்கம் காட்டி மிகுந்த மரியாதையோடு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாதங்கி தொடங்கினாள். முதலாவது ஆக்கம் முடிந்ததும் வலது பக்கம் இருமியது. எங்கள் பக்கத்தில் ஒரு கணம் யோசனை. பிறகு நாங்களும் இருமினோம், தேவையில்லாதவர்களும் இருமினார்கள். அடுத்தது அந்த மௌனம் உள்ள ஆக்கம். நான் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டேன். அவள் வாசித்து வாசித்து அந்த இடத்துக்கு வந்தாள், இரண்டு கையும் மேலே உயர்ந்தன, நின்றன. எழுபது பேர். ஒருவர் அசையவில்லை. ஐப்பசியில் அந்த இடத்தில் நான் முடிவைத்தான் கேட்டேன். இப்போது, இன்னும் வரப் போகிறது என்பது கேட்டது. இவ்வளவு சத்தமான மௌனத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு கை இறங்கியது, சரியான இடத்தில் இறங்கியது. சுகந்தி நீளமாக ஒரு மூச்சுவிட்டாள்.

இரண்டாம் பாதியில் அமெரிக்கர்கள். எங்களுடைய சனத்துக்கு இப்போது எல்லாம் பழக்கமான பாட்டுகள், ஒவ்வொன்று தொடங்கும்போதும் தெரிந்த ஆளைக் கண்டதுபோல முகம் மலர்ந்தது. கடைசி ஆக்கத்தில் அந்தக் கடினமான இடம் வந்தது. அவள் வேகமாக மேலே ஏறினாள், உச்சியில் ஒரு சுரம் தவறியது. சின்னத் தவறு. வலது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததோ என்னவோ, பரீட்சகர் ஒருவருடைய பேனை அசைந்தது. ஆனால் பியானோவைப் பற்றி ஒன்றும் தெரியாத எங்கள் நாற்பது பேருக்கும் தெரிந்தது. ஆறு தடவை கேட்டிருந்தோம் அல்லவா. கார்த்திக் திரும்பி என்னைப் பார்த்தான். பேரின்பம் அண்ணையின் தலை ஒரு நொடி நின்றது. பிறகு அது, ஒன்றும் நடக்காததுபோல, முன்னைவிடப் பெரிதாக ஆடியது. மேடையில் அவள் அதைக் கண்டாளோ தெரியாது. நிற்கவில்லை. சறுக்கி இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, கடைசிவரை போய், முடித்தாள்.

முடித்தபிறகும் கொஞ்ச நேரம் இருந்தாள். எங்கள் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வலது பக்கத்துக் கைதட்டல் தொடங்கிவிட்டது, அவள் எழும்பவில்லை, ஆகவே நாங்கள் தட்டவில்லை. அவள் எங்களைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டு, சிரித்தபடி எழும்பினாள். பிறகு அந்த மண்டபத்தில் எது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று பிரிக்க முடியாமல் போனது. நான் மட்டும் தொடைக்குக் கீழே இருந்த கையை எடுக்க மறந்து இருந்தேன். “இஞ்சாருங்கோ, இப்பத் தட்டலாம்” என்று சுகந்தி இடித்தாள். தட்டினேன். தலைக்கு மேலே தூக்கித் தட்டினேன்.

மாதங்கி வலது பக்கம் திரும்பி, சொல்லிக்கொடுத்தபடி வலது கையைப் பியானோவின் விளிம்பில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். நாற்பது பேரைக் கண்டதும் கும்பிடத்தான் கை எழுந்தது. ஆனால் வலது கை பியானோவை விடவில்லை. இடது கை மட்டும் தனியே நெஞ்சுவரை வந்து, விரல்கள் நேராக, மற்றதற்காகக் காத்து நின்றது.

“மற்றக் கை எங்கை?” என்று சுகந்தி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்டாள்.

“அது பியானோவிலை இருக்குது” என்றேன்.